சைவச் சாப்பாடும் இரும்புச்சத்தும்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் பதினோரு வருடமாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். பிறந்ததிலிருந்து சைவம். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு எனக்கே ஹீமோகுளோபின் 8.4-க்கு இறங்கி, மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார வேண்டியிருந்தது. அதனால் எதிரே உட்கார்ந்து ரிப்போர்ட்டை நீட்டுகிறவர்களின் அசதி எனக்குத் தெரியும். அவர்கள் கேட்பதை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஹீமோகுளோபின் 11.4 இருக்கு. லேப்ல வட்டம் போட்டுக் குடுத்திருக்காங்க. இது ரொம்பக் கம்மியா?

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13, கர்ப்பிணிக்கு 11. இதற்குக் கீழே போனால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்தக் கணக்கில் 11.4 லேசான சோகைதான். ஆனால் லேசு என்று விட்டுவிடக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் பத்தாயம் இருக்கும். அறுவடை நெல் அதில் கிடக்கும், வேண்டும்போது எடுத்துக் குத்திச் சோறாக்குவார்கள். விளைச்சல் குறைந்தாலும் பத்தாயத்தில் நெல் இருக்கிற வரை அடுப்பில் சோறு வெந்துகொண்டுதான் இருக்கும். உடம்பிலும் அப்படித்தான். ஹீமோகுளோபின் என்பது சோறு. இரும்பின் பத்தாயத்தில் எவ்வளவு மிச்சம் என்று காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. சோறு குறையத் தொடங்கிவிட்டது என்றால் பத்தாயம் ஏற்கெனவே துடைத்து வைத்ததுபோல் ஆகியிருக்கும். ஃபெரிட்டின் 15-க்குக் கீழே என்றால் இரும்புக் குறைபாடு நிச்சயம். 30-க்குக் கீழே போனாலே பல மருத்துவர்கள் சிகிச்சை தொடங்கிவிடுகிறார்கள்.

பச்சரிசியை மென்னுக்கிட்டே இருக்கணும்போல இருக்கு. இதை டாக்டர்கிட்ட சொல்லணுமா?

கட்டாயம் சொல்லுங்கள். இதைக் கேட்டவர் ஓர் ஆசிரியை. கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட சின்ன பாலிதீன் பையை மேசைமேல் வைத்தார். உள்ளே பொன்னி பச்சரிசி. வகுப்புக்கு இடையில் வாயில் போட்டுக்கொள்வதாகச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவருடைய ஃபெரிட்டின் 4.

பச்சரிசி, சிலேட்டுக் குச்சி, விபூதி, சாம்பல், செங்கல் தூள், ஐஸ் கட்டி. இவற்றின்மேல் வருகிற அடங்காத ஆசை இரும்புக் குறைபாட்டின் அறிகுறி. கெட்ட பழக்கமும் இல்லை, மனக்கோளாறும் இல்லை. சிகிச்சை தொடங்கியதும் பெரும்பாலும் சில வாரங்களில் அந்த ஆசை போய்விடும். கூடவே முடி கொட்டுவது, வாய் ஓரம் வெடிப்பது, நகம் கரண்டிபோல் குழிவது, இரவில் படுத்ததும் கால் குடைந்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவது, இவையும் வரலாம்.

கறி சாப்பிடாததாலதானே இப்படி? ஆட்டு ஈரல் சாப்பிட்டாத்தான் சரியாகும்னு சொல்றாங்களே?

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அசைவம் சாப்பிடுகிறவர்கள்தான். ஆனாலும் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் இங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஆக, காரணம் சைவம் மட்டும் இல்லை.

ஒரு வித்தியாசம் உண்மை. இறைச்சியில் இருக்கும் இரும்பில் ஒரு பகுதி ஹீமோடு (ஹீமோகுளோபினில் இருக்கும் சிவப்பு நிறப்பொருள்) சேர்ந்த வகை, கூட எதைச் சாப்பிட்டாலும் ஓரளவு உடம்பில் சேர்ந்துவிடும். தானியம், பயறு, கீரையில் இருப்பது வேறு வகை. அது கூட வருகிற ஆளைப் பொறுத்தது: நெல்லிக்காய் வந்தால் உள்ளே போகும், காபி வந்தால் வெளியே போகும். சாதம், பருப்பு, கீரை என்ற நம் சாப்பாட்டில் நூறு பங்கு இரும்பு இருந்தால் ஐந்திலிருந்து பத்துப் பங்குதான் உடம்பில் சேர்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதைக் கணக்கில் கொண்டுதான் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மி.கி., ஆணுக்கு 19 மி.கி. என்று வைத்திருக்கிறது. உங்களுக்குக் கறி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஈரல் சாப்பிட மாட்டேன் என்று சொன்னதற்காக யாரிடமும் திட்டு வாங்க வேண்டியதில்லை.

தினமும் பேரீச்சம்பழம், பீட்ரூட், மாதுளை எல்லாம் எடுத்துக்கறேன். அப்புறமும் ஏன் ஏறல?

சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தம் ஊறச் செய்யும் என்ற நம்பிக்கை ஆழமாக இருக்கிறது. பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரும்புக்கும் சம்பந்தமே இல்லை. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. மாதுளையில் அதைவிடக் குறைவு. ஒரு பேரீச்சம்பழத்தில் அரை மில்லிகிராம்கூடத் தேறாது. மூன்றும் நல்ல உணவுதான், சாப்பிடுங்கள். ஆனால் அதை நம்பிப் பயறை விட்டுவிடாதீர்கள்.

அப்போ எதுலதான் இருக்கு? சமைக்கிற பொருளாச் சொல்லுங்க.

சமைக்காத 100 கிராமுக்குத் தோராயமாகச் சொல்கிறேன். எள் 14 மி.கி., கொள்ளு கிட்டத்தட்ட 9, சோயா 8, கறுப்புக் கொண்டைக்கடலை 7-க்குக் கொஞ்சம் குறைவு, கம்பு 6, தட்டைப்பயறும் பாசிப்பயறும் 5, கேழ்வரகும் முருங்கைக்கீரையும் நாலரை, பாலக்கீரை 3. தீட்டிய வெள்ளை அரிசியில் ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியும் என்று இருக்கும் வீட்டில் இரும்பு எங்கிருந்து வரும் என்று இதிலேயே தெரிந்துவிடும்.

நான் முதலில் கேட்பது எள்ளுப்பொடிதான். பெரிய கரண்டி ஒன்று பத்து கிராம் வரும், அதில் 1.4 மி.கி. அப்புறம் வாரம் மூன்று நாள் கொள்ளு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல், இரண்டு நாள் கம்பு. கேழ்வரகைப் பற்றி ஒரு வார்த்தை: அதில் இரும்பைப் பிடித்து வைக்கும் ஃபைட்டேட், டானின் இரண்டும் அதிகம், சுண்ணாம்புச்சத்தும் அதிகம். மாவாக வாங்கிக் கூழ் காய்ச்சுவதைவிட, ஊறவைத்து முளைகட்டிக் காயவைத்து அரைத்தால் ஃபைட்டேட் குறைந்து இரும்பு கொஞ்சம் விடுபடும். பயறுக்கும் அதேதான். மாவைப் புளிக்கவைப்பதும் இதே வேலையைச் செய்கிறது. கம்பந்தோசை மாவை இரவு முழுக்கப் புளிக்க விட்ட பாட்டிகளுக்கு ஃபைட்டேட் என்ற பெயர் தெரியாது, ஆனால் கைப்பக்குவம் சரியாகவே இருந்தது.

சாப்பிட்ட உடனே ஒரு வாய் காபி குடிக்கலன்னா எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அது ஒரு தப்பா?

ஒரு பெண்ணின் காலை நேரத்தை அவர் வாயாலேயே சொல்லச் சொன்னேன். ஆறு மணிக்குக் காபி. எட்டரைக்கு நாலு இட்லி, சாம்பார், கையோடு இரண்டாவது காபி. பதினொன்றுக்கு ஆபீஸ் டீ. ஒன்றரைக்குச் சாப்பாடு, கீரை, கடைசியில் தயிர்சாதம். அப்புறம் ஒரு டீ. அவர் தட்டில் இரும்பு இருந்தது. அது உள்ளே போக ஒரு மணி நேரம்கூடக் கதவு திறந்திருக்கவில்லை.

சாப்பாட்டோடு குடிக்கும் டீ, அந்தச் சாப்பாட்டில் சேர வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் தடுத்துவிடும். காபி சற்றுக் குறைவாகத் தடுக்கும். பால் சேர்த்தாலும் இது மாறாது. காபியை விட்டுவிடச் சொல்லவில்லை. எனக்கும் டிகிரி காபி வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அல்லது ஒன்றரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். காலை ஆறு மணிக் காபியால் ஒரு தொந்தரவும் இல்லை. எட்டரை மணிக் காபியைத்தான் பத்து மணிக்குத் தள்ள வேண்டும்.

கீரையும் தயிரும் சேர்க்கக் கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. அது இதுக்குத்தானா?

அவர்கள் சொல்லும் காரணம் செரிமானம். ஆனால் பலன் இங்கேயும் பொருந்துகிறது: பால், தயிரில் இருக்கும் சுண்ணாம்புச்சத்து இரும்பைக் கொஞ்சம் தடுக்கும். டீ அளவுக்கு இல்லை. இரும்பு அதிகம் உள்ள வேளையில் மோரைக் குறைத்து, அடுத்த வேளையில் தயிரை வைத்துக்கொண்டால் போதும். தயிரை அடியோடு விட்டுவிடாதீர்கள். சைவர்களுக்கு பி12 வருகிற வழியே பாலும் தயிரும்தான்.

எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கிட்டா போதுமா?

பிழிவது நல்லது, ஆனால் ஒரு மூடி எலுமிச்சையில் வைட்டமின் சி 10 மி.கி.கூடத் தேறாது. ஒரு பெரிய நெல்லிக்காயில் 100 மி.கி. தாண்டும். கொய்யாவும் அதற்குச் சளைத்ததில்லை, நம் தெருவிலேயே தள்ளுவண்டியில் வருகிறது. சாப்பாட்டோடு அரைக் கொய்யா, அல்லது ஒரு பச்சை நெல்லிக்காயைத் துருவித் துவையலில் கலந்தால், அந்தச் சாப்பாட்டில் சேரும் இரும்பு இரண்டு மடங்குகூட ஆகலாம். ஒரே வேளையில் சேர்ந்து போக வேண்டும் என்பதுதான் முக்கியம். காலையில் நெல்லிக்காய் ஜூஸும் மதியம் கொள்ளும் என்றால் இரண்டும் சந்திக்கவே போவதில்லை. எலுமிச்சை பிழிவதானால் அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள், சூட்டில் வைட்டமின் சி போய்விடும்.

இரும்புச் சட்டியில சமைச்சா உண்மையிலேயே இரும்பு இறங்குமா?

இறங்கும். புளி, தக்காளி சேர்ந்து ஈரமாகக் கொதிக்கும் குழம்பில் அதிகம் இறங்கும், தோசைக்கல்லில் குறைவாக. நான்ஸ்டிக்கில் இறங்காது, எவர்சில்வரில் மிக மிகக் குறைவு. என் அம்மாவின் இரும்புச் சட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துருவைத் தேய்த்து, எண்ணெய் பூசி அடுப்பில் காயவைத்து மூன்று வருடமாகிறது. வத்தக்குழம்பு இப்போது அதில்தான். குழம்பு கொஞ்சம் கறுக்கும். கொதித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இரும்பு வாடை வரும்.

ரேஷன் அரிசியில பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்காமே? மிதக்குதே?

அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி உருவத்திலேயே செய்த மணி. 100 கிலோ அரிசிக்கு ஒரு கிலோ என்பது கலக்கும் கணக்கு. கலந்த பிறகு ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மி.கி. வரை இரும்பு இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பல வீடுகளில் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிகிறார்கள். கலந்த சத்து முழுவதும் அந்த மணிகளில்தான் இருக்கிறது. தலசீமியா மேஜர்போல உடம்பில் இரும்பு தேங்கும் நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரை வேண்டாம், சாப்பாட்டுலயே சரி பண்ணிக்கறேனே?

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்வேன். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 9. அதை 13 ஆக்க சுமார் 480 மி.கி. இரும்பு வேண்டும். பத்தாயத்தை நிரப்ப இன்னும் 500. மொத்தம் ஏறக்குறைய 1,000 மி.கி. நான் இதுவரை சொன்னதையெல்லாம் நீங்கள் ஒழுங்காகச் செய்து, செலவு போக நாளைக்கு ஒரு மில்லிகிராம் மிச்சம் பிடித்தால்கூட மூன்று வருடம் ஆகும். மாதவிடாய் வருகிற பெண்ணுக்கு அந்த ஒரு மில்லிகிராமும் மிஞ்சுவது கஷ்டம்.

காலியான பத்தாயத்தை நிரப்புவது மாத்திரையின் வேலை. நிரம்பியதை மறுபடி காலியாகாமல் பார்த்துக்கொள்வது சாப்பாட்டின் வேலை. எனக்குச் சாப்பாட்டின்மேல் இவ்வளவு நம்பிக்கை இருந்தும், 8.4 வந்தபோது நான் மாத்திரைதான் போட்டேன்.

மாத்திரை போட்டா குமட்டுது, மலம் கறுப்பாப் போகுது. நிறுத்திட்டேன்.

கறுப்பாகப் போவது சேராத இரும்பின் நிறம், பயம் வேண்டாம். (தார்போல ஒட்டும் பதத்தில், கடும் நாற்றத்தோடு போனால் அது வேறு. அன்றே மருத்துவரைப் பாருங்கள்.) குமட்டலும் மலச்சிக்கலும்தான் பலரை நிறுத்த வைக்கிறது. நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா? இரும்பு மாத்திரை போட்டதும் கல்லீரலிலிருந்து ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கக் குடலின் கதவைச் சாத்தி வைக்கிறது. மறுநாள் போடும் மாத்திரையில் அதனால் குறைவாகத்தான் சேரும். ஒருநாள் விட்டுப் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலும் சேரும் பங்கு கூடும், வயிறும் தாங்கும். கர்ப்பிணிகளும் சோகை கடுமையாக உள்ளவர்களும் தாங்களாக இப்படி மாற்றிக்கொள்ளக் கூடாது.

வெறும் வயிற்றில் போடுவதுதான் நல்லது. முடியவில்லை என்றால் சாப்பாட்டோடு போடுங்கள். போடாமல் இருப்பதைவிட அது மேல். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நாலைந்தை விழுங்கிய குழந்தைக்கு அது விஷம்.

காலையில தைராய்டு மாத்திரை, மதியம் கால்சியம். இதை எங்கே சொருகறது?

தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், கால்சியத்துக்கு இரண்டு மணி. நான் எழுதிக் கொடுப்பது இது: காலை ஆறுக்குத் தைராய்டு, மதியம் சாப்பாட்டோடு கால்சியம், மாலை ஐந்துக்கு இரும்பு ஒரு கொய்யாத் துண்டோடு. அந்த வேளையில் டீ மட்டும் கூடாது. அசிடிட்டிக்கு பேன்டப்ரசோல் மாதக்கணக்கில் போடுகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; வயிற்று அமிலம் குறைந்தால் இரும்பு சேர்வதும் குறையும்.

ஊசி போட்டா ஒரே நாள்ல ஏறிடுமாமே?

நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு, பத்தாயத்தை ஓரிரு முறையிலேயே நிரப்பிவிடும். ஆனால் ஹீமோகுளோபின் ஏற மூன்று நான்கு வாரம் ஆகத்தான் செய்யும், புது இரத்த அணுக்களை உடம்புதான் செய்ய வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள், பிரசவம் நெருங்கியும் ஹீமோகுளோபின் ஏறாதவர்கள், குடல் நோய் உள்ளவர்கள், இரத்தப்போக்கு அதிகம் உள்ளவர்கள், இவர்களுக்கு அது பெரிய உதவி. அரிதாக ஒவ்வாமை வரும் என்பதால் மருத்துவமனையில்தான் போட வேண்டும்.

மூணு மாசம் ஒழுங்காப் போட்டேன். அரைப் புள்ளிதான் ஏறியிருக்கு. ஏன்?

சரியான சிகிச்சையில் ஒரு மாதத்திலேயே ஒன்று, இரண்டு கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் நான் வரிசையாகக் கேட்பவை: மாத்திரையோடு டீ குடித்தீர்களா? மாதவிடாயில் எத்தனை நாப்கின், கட்டிகட்டியாகப் போகிறதா? இரண்டாவது கேள்விக்கு “எல்லாருக்கும் போறதுதானே” என்றுதான் பதில் வரும். இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தால், இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருந்தால், அது எல்லாருக்கும் போகிற அளவு இல்லை. கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கலாம். ஓட்டையை அடைக்காமல் பத்தாயத்தை நிரப்ப முடியாது.

அப்புறம் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு. வயலில் வெறுங்காலோடு நடப்பவர்களைக் கட்டாயம் கேட்பேன். அடுத்து பி12. சைவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே குறைவது சாதாரணம். இரும்பு குறைந்தால் இரத்த அணு சிறுக்கும், பி12 குறைந்தால் பெருக்கும்; இரண்டும் சேர்ந்தால் சராசரி அளவு சரியாக இருப்பதுபோல் ரிப்போர்ட் ஏமாற்றும். கடைசியாக தலசீமியா மைனர், பெற்றோரிடமிருந்து வரும் இரத்தக் குறைபாட்டின் லேசான வடிவம். அதிலும் அணுக்கள் சிறிதாகவே இருக்கும், ஆனால் எண்ணிக்கை குறையாது, ஃபெரிட்டினும் நன்றாக இருக்கும். அவர்களுக்கு இரும்பை ஏற்றிக்கொண்டே போவது தப்பு. கல்யாணத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமும்கூட: கணவன், மனைவி இருவருக்கும் மைனர் இருந்தால் குழந்தைக்கு மேஜர் வர நான்கில் ஒரு வாய்ப்பு.

ஃபெரிட்டின் 60 இருக்கு, ஆனா எல்லா அறிகுறியும் இருக்கே?

காய்ச்சல், மூட்டுவாதம், கல்லீரல் தொந்தரவு, உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையும், இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் நிறைவு சதவீதமும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொன்று: இரும்பு குறைந்திருக்கும்போது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம்.

பையனுக்கு ஒண்ணே முக்கால் வயசு. சோறே இறங்கல, பால் மட்டும் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் குடிக்கிறான்.

காரணம் அந்த லிட்டர்தான். பசும்பாலில் இரும்பு கிட்டத்தட்ட இல்லை, வயிறும் நிறைந்துவிடும். அரை லிட்டருக்குள் குறையுங்கள், பாட்டிலை நிறுத்தி டம்ளருக்கு மாற்றுங்கள். முதல் நாலைந்து நாள் அழுவான். பசித்ததும் மசித்த பாசிப்பயறு சாதம் இறங்கும். சொட்டு மருந்து வேண்டுமா என்று குழந்தை மருத்துவர் எடையைப் பார்த்துச் சொல்வார்.

எப்போ நிறுத்தலாம்? 12.5 வந்துடுச்சு.

இப்போது நிறுத்தினால் ஆறு மாதத்தில் மறுபடி வருவீர்கள். சோறுதான் வந்திருக்கிறது, பத்தாயம் இன்னும் காலி. ஹீமோகுளோபின் சரியான பிறகும் இன்னும் மூன்று மாதம் தொடர்ந்து, ஃபெரிட்டினைப் பார்த்துவிட்டு நிறுத்துவதுதான் வழக்கம்.

அப்பாவுக்கு 66 வயசு, சுத்த சைவம். ஹீமோகுளோபின் 7.9. என்ன சாப்பாடு குடுக்கலாம்?

இங்கே சாப்பாட்டைப் பற்றிப் பேசவே கூடாது, முதலில். ஆணின் உடம்பிலிருந்து ஒரு நாளைக்குப் போகும் இரும்பு ஒரு மில்லிகிராம்தான். சைவம் என்பதால் மட்டும் ஒரு ஆணோ, மாதவிடாய் நின்ற பெண்ணோ இவ்வளவு கீழே இறங்குவது மிக அரிது. பெரும்பாலும் எங்கோ இரத்தம் கசிகிறது: மூலம், வயிற்றுப்புண், குடல் கட்டி, சில சமயம் புற்றுநோய். என்டோஸ்கோபியும் கொலோனோஸ்கோபியும் செய்து பார்க்கச் சொல்வார்கள். தள்ளிப்போடாதீர்கள்.

இதைக் கேட்ட மகள், அப்பா ஒரு வாரம் சாப்பிட்டதை நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார். கொள்ளு ரசம், முருங்கைக்கீரை, அத்திப்பழம், தேனில் ஊறிய நெல்லிக்காய், குறை சொல்ல ஒன்றுமில்லை. மூட்டுவலிக்கு ஏதாவது போடுகிறாரா என்று கேட்டேன். அதை அவர் எழுதவில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, இரண்டு வருடமாக இரவுதோறும் ஒரு வலி மாத்திரை. நோட்டை மூடிக் கையில் கொடுத்து, அப்போதே மருத்துவர் அறைக்கு அனுப்பினேன். வயிற்றில் இரண்டு புண்கள் இருந்தன.